இரண்டு வீட்டுப் பூனையின் படம்

நேற்று எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை கூடம் வரைக்கும் வந்து நின்றுகொண்டது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் பொங்கல் ஞாபகம் வரலாம். எனக்கு ஒரு பூனை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், ஆயில் பெயின்டில் வரைந்த பூனை. பாகூரிலிருந்து டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சரியாகக் காயாத படம். என் புடவையெல்லாம் இந்த வாசனைதான்.

கல்யாணமாகி மண்ணாடிப்பட்டிலிருந்து வில்லியனூருக்கு வந்த புதிது. கணவருக்கு ஷிப்ட் வேலை. பகலில் வீட்டிலிருந்தால் தூங்குவார். மாமியாருக்குக் கோயிலும் டிவியும் போதும். பேச்சுத்துணைக்கு ஏங்கிக் கிடந்த எனக்கு, பின்பக்கச் சந்தில் நுழைந்து ஒரு வெள்ளைப் பூனை வந்து வாய்த்தது. வால் மட்டும் மையில் முக்கியெடுத்தது போலக் கறுப்பு. குண்டு என்று பேர் வைத்தேன். விடிந்ததும் வரும். பால்சோறு தின்றுவிட்டுத் துவைக்கிற கல்லில் படுத்துக்கொண்டு, நான் அளக்கும் பிறந்த வீட்டுப் பெருமைகளைக் கண்ணை மூடிக் கேட்கும். மத்தியானமானால் எழுந்து போய்விடும். எலி பிடிக்கப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு பிடி சோற்றில் அது அப்படிப் பெருத்ததற்கு என் கைராசிதான் காரணம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை அந்தக் கல்லுக்குக் கீழேயே செத்துக் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. கணவர்தான் முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். நான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து, பாகூரில் கலா என்றொரு பெண் போட்டோவைப் பார்த்துப் படம் வரைகிறாள், போய்ச் சொல்லிவிட்டு வா என்றதும் அவர்தான்.

மாமியார் டிவியிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "உன் மாமனாரு படமே டிரங்குப் பொட்டியில கெடக்குது. பூனைக்குப் படமா?"

நியாயமான கேள்வி. அந்த வாரமே மாமனாருக்கும் பிரேம் போட்டேன்.

கலா என் போனில் இருந்த மங்கலான போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்ணு பச்சையாக்கா, மஞ்சளா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தினமும் மடியில் போட்டுக் கொஞ்சிய பூனை. என் பேச்சை அது கேட்டதே தவிர, நான் அதன் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை போலும். குத்துமதிப்பாக மஞ்சள் என்று சொல்லிவைத்தேன்.

அந்த நாட்களில் சாயங்காலமானால் பின்தெருவிலிருந்து ஒரு குரல் வரும். "சுல்தான்... டேய் சுல்தான்..." மளிகைக்கடைப் பாயம்மாவின் குரல். விளையாடப் போய் வீடு திரும்பாத பேரன் என்று நினைத்தேன். 'அந்தப் பையன் பாயம்மா தொண்டையையே வாங்கிட்டான்' என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

படம் வாங்கி வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆணி வாங்க அந்தக் கடைக்குத்தான் போனேன்.

"இன்னாம்மா அது, சாமி படமா? காட்டு பாப்பம்."

பேப்பரைப் பிரித்துக் காட்டினேன். பாயம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"இது எங்க சுல்தானாச்சே. கண்ண மட்டும் மஞ்சளா போட்டுட்டாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "படம் இன்னாத்துக்கும்மா?"

செத்துப்போனதையும் புதைத்ததையும் சொன்னேன். சுல்தான்பேட்டையில் குட்டியாக எடுத்துவந்ததாம். அதனால் அந்தப் பேர். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. நடுக்கதவு வழியாகப் பாயம்மாவின் கணவர் பாயின் கட்டில் தெரியும். பக்கவாதம் வந்து படுத்தவர். மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் பூனை அவர் காலடியில்தான் கிடக்குமாம். நான் காலையில் கடைக்குப் போகிறவள். அதை அங்கே பார்த்ததே இல்லை. இவர்கள் தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அது எங்கள் முருங்கை மரத்தடியில் இருந்தது.

பாயம்மா குரலைத் தாழ்த்தினார். "அவருகிட்ட சொல்லிடாதம்மா. சரியா சோறு துன்ன மாட்டேங்குறாரு. எங்கியோ பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லேன். உனக்குப் புண்ணியமா போவும்."

போய்ச் சொன்னேன். தேரடியில் சுல்தான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது பாய் என்றேன். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்த வாயோடு சிரித்தார். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டாராம்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கடைக்குப் போனாலே உள்ளிருந்து கேட்பார்: "பாத்தியாம்மா?" மீன் மார்க்கெட்டில் பார்த்தேன் என்பேன். ரைஸ்மில் கூரைமேல் பார்த்தேன் என்பேன். கூட ஒரு சாம்பல் நிறப் பூனை சேர்ந்திருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னேன். நாங்கள் புதைத்த பூனை என் வாயில் வில்லியனூர் முழுக்க உயிரோடு திரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கதைகளைச் சொல்ல எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் படத்தை மாட்டக் கை வரவில்லை. பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். பருப்பு வாங்கப் போயிருந்தேன். பாய் கூப்பிட்டார். கட்டிலோரம் போய் நின்றேன்.

"ஒரு தபா புடிச்சாந்து காட்ட முடியாதாம்மா?"

"கிட்ட போனா ஓடிடுது பாய்" என்றேன்.

முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வழி தெரியாம திரியுதுன்னு நெனச்சேன்" என்றார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "வேணாம்னுதான் போயிருக்குது. படுத்துக் கெடக்கிறவன் கிட்ட இன்னா இருக்குது, வர்றதுக்கு? சரி. நல்லா இருந்தா சரி."

அப்படி இல்லை பாய் என்று சொல்லியிருக்கலாம். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாயம்மா கடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பை வாங்கிக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. மார்கழியில் மௌத்தாகிவிட்டார்.

கடையை மூடிவிட்டுக் காரைக்காலில் மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பீரோவிலிருந்து படத்தை எடுத்து, நீங்கள் கொண்டுபோங்கள் என்று நீட்டினேன்.

"நாங்க வூட்ல படம் மாட்டறதில்லம்மா. நீயே வச்சிக்க. எடத்த மட்டும் காட்டு."

முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் குனிந்தார். என்னிடம் பேசவில்லை, மண்ணிடம்தான் பேசினார். "டேய், அவரு உம்மேல வருத்தமா போயிட்டாருடா. நீ வராததுக்குக் காரணம் இன்னான்னு போயி அவருகிட்ட சொல்லு."

அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மளிகைக்கடை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் வந்துவிட்டது, கீழே பைக் ஷோரூம். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தின் குறுக்கே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். மாமியாரும் போய்ச் சேர்ந்தார். ஒரு புயலில் முருங்கை வேரோடு சாய்ந்தது. பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டு வண்டி நிறுத்துகிறோம். பாயம்மா என்றைக்காவது திரும்பி வந்து கேட்டால், இதுதான் இடம் என்று இனி என்னால் காட்ட முடியாது.