திருப்பி வைத்த தட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு மரபணு ஆய்வின் தரவைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் மென்பொருள் ஒவ்வொருவரின் ரத்த மாதிரியையும் திரையில் ஒரு புள்ளியாக வைக்கும். ஆண்கள் இடப்பக்கம் ஒரு கொத்து, பெண்கள் வலப்பக்கம் ஒரு கொத்து. பதிவில் ஆண் என்றிருந்து, புள்ளி பெண்கள் கொத்தில் விழுந்தால் அது சிவப்பாகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஒரே தட்டில் பாதிக்குப் பாதி சிவப்பு. தட்டு என்பது தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் பலகை. குழிக்கு ஒருவருடைய மாதிரி. பிழை வந்தால் முதலில் ரத்தம் எடுத்தவர் பெயர்வாரியாகப் பிரிப்பது என் வழக்கம். எல்லாச் சிவப்பும் ஒருவர் பெயரிலேயே வந்தது. சேக்காட்டுக்காரர், ஆவடிக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் ஒப்பந்த ஊழியர். அவர் பெயரைக் குறிப்பிட்டு, ஒன்பது ஐம்பதுக்கு எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு அவரை வரவழைத்தார்கள். நாளை முதல் வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லி முடிப்பதற்குள், ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து தட்டை நிரப்பும், பாடி என்ற ஊர்க்காரர், சேக்காட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, ஊட்ல குந்திகினு சீட்டு ஒட்னியா? இங்க ஒரு மாசமா நாங்க செத்துகினு கீறோம்!"

"கைய எடுண்ணே. ஆள் எதிர்லயே பேர் ஒட்டுனேன், ஒவ்வொரு குழாய்க்கும்."

"அப்போ மிசினு பொய் சொல்லுதா?"

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவதில் அவர் தலை மோதி, கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. தரையில் ஒரு பல் கிடந்தது.

நான் எழவில்லை. அறிக்கைக்காக அதே சிவப்புகளைக் குழி வரிசையில் போட்டுக்கொண்டிருந்தேன். படம் வந்தது. ஒவ்வொரு சிவப்புக்கும் நேரெதிர் முனையில் இன்னொரு சிவப்பு: முதல் குழிக்குக் கடைசிக் குழி, இரண்டாவதற்கு அதற்கு முந்தையது. குழாய்களில் தவறில்லை. தட்டைத் திருப்பி வைத்து நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தட்டு முழுக்க சேக்காட்டுக்காரர் எடுத்த ரத்தம் என்பதால்தான் எல்லாச் சிவப்பும் அவர் பெயரில் வந்தது. நிரப்பிய கை தடுப்புக்கு அப்பால் அடித்துக்கொண்டிருந்தது.

அச்சிட்டு எடுத்துப்போய்க் காட்டினேன். பாடிக்காரர் தாளைப் பார்த்தார், பிடி தளர்ந்தது. சேக்காட்டுக்காரர் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் படம் போட எவ்ளோ நேரம் ஆச்சு சார்?"

"ரெண்டு நிமிஷம்."

"மெயில் போட்டது நீங்கதானே?"

தலையசைத்தேன். அவர் விட்ட அறை என் கன்னத்தில் காதோடு சேர்ந்து விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி மேசைக்கு அடியில் போயிற்று. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். மேலாளர் பின்னாலேயே ஓடி, வேலை போகவில்லை, நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

"உங்க படத்துலயே ரத்தம் எடுத்துக்கங்க சார்" என்று சொல்லி, கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு அவர் வெளியே போனார்.