பாம்பின் வாயில் விழாதவன்

இன்று தவுவா ஊரில் ஒன்பது வயது ராதிகாவைப் பார்க்கப் போனேன். இனிக் குணமாகாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தினமும் ஒருவர் போய் அவளோடு பாம்பு ஏணி ஆடித் தோற்க வேண்டும் என்பது எங்கள் சங்கத் தீர்மானம்.

எனக்குக் கட்டங்களைத் தப்பாக எண்ண வரவில்லை. தொண்ணூற்றெட்டாம் கட்டத்தில் அவளைப் பாம்பு விழுங்கியது. நான் ஜெயித்துவிட்டேன்.

அவள் அம்மா முறைத்தார்.

ராதிகா சிரித்தாள். "வர்றவங்க எல்லாம் அவங்களே பாம்பு வாயிலே போய் விழுறாங்க. நீங்கதான் ஒழுங்கா ஆடுறீங்க. நாளைக்கும் வாங்க, தாத்தா."

சாயங்காலமே சங்கத்தார் போன் செய்து, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் கல்நெஞ்சனாம்.

பெயரில்லாதவன் நாளை போவது முறையா? காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள். என் பஸ் எட்டு மணிக்கே கிளம்பிவிடும்.