எட்வர்ட் சொன்ன ‘போயிட்டு வரேன்’

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாந்தோமில் பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். செத்தவர்களைவிட எங்கள் தலைமை ஆசிரியைக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வெளிநாட்டுக்காரர்களுக்கு மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டுகிறேன். அப்படி முந்தின வருடம் வந்தவர் எட்வர்ட், இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்தின் கடைசி வாரிசு. நாம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம். அங்கே தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கு அப்பா பெயரேதான், எல்லோரும் எட்வர்ட். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸுக்கு வந்த மூன்று எட்வர்டுகள், அப்பா, மகன், பேரன், தங்கள் ஊரில் ஆளுக்கொரு கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்கள், ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. மூவரும் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். இனி எந்த எட்வர்டும் இந்த ஊருக்கு வரக்கூடாது என்று குடும்பத்தில் சத்தியமாம். இவரோ, அம்மா அழ அழக் கிளம்பி வந்துவிட்டார்.

தமிழ் என்றால் அவருக்கு உயிர். தி.நகரில் அவர் தன் அம்மாவுக்குப் புடவை எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆட்டோக்காரர், பூக்காரி, ஒருவர் பாக்கியில்லை. சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, நமக்கு அதை யாராவது பாடம் நடத்தினார்களா என்ன?

கடைசி நாள் கல்லறைக்குப் போனோம், நல்ல உச்சி வெயில். மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எட்வர்ட் கல்லின்மேல் கை வைத்து, பெருமையாக, “போயிட்டு வரேன் தாத்தா” என்றார்.

நான் “ஐயோ” என்று வாயெடுப்பதற்குள் ஓர் ஆண்குரல் கேட்டது. ‘போயிட்டு வா’ என்றுகூட இல்லை, வெறும் “வா.”

கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி சூசை ஓடி வந்தார். “இன்னா மேடம், யாரு கூப்டது? இங்க நம்மளத் தவிர யாருமே இல்லியே?”

எட்வர்டோ, சூசைதான் பதில் சொன்னார் என்று நினைத்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்கே விமானம். அவர் ‘வீடு போய்ச் சேர்ந்தேன்’ என்று மெசேஜ் அனுப்பும்வரை ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை நான். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் பிரமை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன மாதம் போன் செய்தார். கல்யாணமாகி மகன் பிறந்திருக்கிறானாம், பெயர் எட்வர்ட். கிறிஸ்துமஸுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தாத்தாக்களிடம் காட்டப் போகிறாராம். “வேணாம் தம்பி, வராதீங்க” என்று கத்தினேன். கேட்கிற ஆளா? சிரித்துக்கொண்டே, “சரி டீச்சர், போயிட்டு வரேன்” என்றார். நான் வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பக்கமிருந்து எட்வர்ட் கேட்டார்: “உங்க வீட்டுல யார் டீச்சர், ‘வா’ன்னு சொன்னது?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.