ராஜா கலந்த செம்பு

போன புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் கொலுசுப் பட்டறையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான், பழங்காசு சேர்க்கிறவன். என் மனைவி செல்வி. அவள் தம்பி குமரேசன் – திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவன். நான்காவது ஆள், கோயம்புத்தூர் பழங்காசு வியாபாரி சதாசிவம். வரலாறு எம்.ஏ. படித்தவர்.

மேஜை மேல் இரண்டு காசுகள். இரண்டும் ஸ்பெயின் நாட்டுக் காசுகள். எழுநூறு வருடத்துக்கு மேல் பழையவை என்றார் சதாசிவம். இரண்டிலும் ஒரு பக்கம் கோட்டை, மறு பக்கம் சிங்கம். ஒன்று பளபளவென்று வெள்ளை. மற்றது அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கருப்பு.

வெள்ளைக்குப் பதினாறாயிரம் கேட்டார். கருப்புக்கு எட்டாயிரத்து ஐந்நூறு.

என் கையில் இருந்தது ஆறாயிரத்து எழுநூறு. செல்வி சீட்டு எடுத்து, கழிவு போகக் கைக்கு வந்த பணம். அவள் பணம்! வீட்டுப் பூட்டையே மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மனைவியின் சீட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு எழுநூறு வருடப் பழசை வாங்கப் போனால்... பயம் இருக்காதா?

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எட்டு வருடம் முன்னால் இதே சதாசிவம் எனக்கு ஒரு கோட்டை–சிங்கம் காசு விற்றார். என் முதல் ஸ்பெயின் காசு. நான் என்ன செய்தேன்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, சின்ன வயதிலேயே கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதப் பழகியவன். எதைக் கண்டாலும் முதலில் டச் பார்ப்பேன். டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்கிற கணக்கு. பார்த்தேன். முக்கால்வாசி செம்பு! “திருடன்” என்று போனிலேயே திட்டி, காசைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் மனசு கேட்காமல் போனில் தேடித் தேடி, தமிழில் மாற்றி மாற்றிப் படித்தேன். கோட்டை என்றால் காஸ்டீல் ராஜ்யம். சிங்கம் என்றால் லெயோன் ராஜ்யம். இரண்டும் ஒரே ராஜாவின் கையில் இருந்தன. அவருக்கு ‘ஞானி’ என்று பட்டப்பெயர் வேறு. அந்த ஞானிக்குச் செலவு மேல் செலவு. வெள்ளி போதவில்லை. சில்லறைக் காசில் செம்பைக் கலந்து, மேலே வெள்ளையாகத் தெரிகிற மாதிரி வெளுத்து விட்டார். விலைவாசி ஏறி ஜனங்கள் திட்டித் தீர்த்தார்களாம்.

வெளுப்பு! அமிலத்தில் முக்கி எடுத்தால் மேலே இருக்கிற செம்பு கரையும், வெள்ளி பளிச்சென்று நிற்கும். இதை நாங்கள் தினமும் செய்கிறோமே! எனக்குச் சரித்திரம் புரிந்தது பாடப் புத்தகத்தில் இல்லை, பட்டறைச் சட்டியில்.

ஆக, நான் திருப்பி அனுப்பியது அசல் காசு. திருடன் சதாசிவம் இல்லை, ராஜா. ஆனால் காசு போனது போனதுதானே?

“மாமா, வெள்ளைய எடுங்க. கொறையற பணத்தை நான் தாரேன்” என்றான் குமரேசன். “யாரும் வாங்காட்டி உருக்கிக் கொலுசாச்சும் போட்டுக்கலாம்.”

“ஒரு கிராம்கூட இல்லீடா. சலங்கைக்கே பத்தாது, கொலுசாம் கொலுசு!” என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, இந்தக் கருகுனதுக்கா நான் சீட்டு எடுத்தேன்?”

“கருப்புக்குன்னா நான் ஒரு ரூவாகூட தரமாட்டேன்” என்றான் தம்பி.

வெள்ளையைக் கையில் எடுத்தேன். அழகுதான். அந்த அழகுதான் என்னவோ உறுத்தியது. “டச் பார்த்துடலாமுங்களா?” என்றேன். சதாசிவம் தலையாட்டினார்.

நாலு கடை தள்ளி டச் மெஷின் இருக்கிறது. உரச வேண்டாம், உருக்க வேண்டாம் – உள்ளே வைத்தால் கம்ப்யூட்டரில் எண் வரும். நால்வரும் போனோம். கடைக்காரர் திரையைப் பார்த்துச் சொன்னார்:

“வெள்ளை தொண்ணூத்தி ரெண்டரைங்கண்ணா, அருமையான சரக்கு. கருப்பு இருபத்தி மூணுதான். தூக்கிப் போடுங்க அதை.”

குமரேசன் என் முதுகில் தட்டினான். “நாஞ் சொன்னேனில்ல!” சதாசிவம் முகத்திலும் சிரிப்பு.

எனக்கோ அந்த எண் இடித்தது. எம்.ஏ. படித்தவர் முன்னால் எட்டாவது பேசலாமா? தப்பாகப் போனால்? சொல்லியேவிட்டேன்.

“சார், அந்த ராஜா இந்தக் காசுல இவ்வளவு வெள்ளி போட்டிருக்கவே மாட்டாருங்க. தொண்ணூத்தி ரெண்டரைங்கறது இன்னைக்கு நகைக்கடைக்கு நாங்க அடிக்கிற டச். இது நம்ம காலத்துல வார்த்ததுங்க. கருப்புதான் அசல்.”

சதாசிவம் லென்ஸை எடுத்து வெள்ளைக் காசின் விளிம்பை வெகுநேரம் பார்த்தார். இரண்டு பாதியும் ஒட்டின மாதிரி மெல்லிய கோடு. வார்ப்பு அச்சின் கோடு; சுத்தியலால் அடித்த பழைய காசில் இது இருக்காது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே லாட்டுல வந்துச்சுங்க, நானும் நம்பிட்டேன். ஒரு காலேஜுக்காரங்க கேட்டுட்டு இருக்காங்க, உங்களுக்கு வேண்டாம்னா அங்க கொடுத்திருப்பேன். அன்னைக்கு என்னைத் திருடன்னீங்க. இன்னைக்கு திருடன் ஆகாம காப்பாத்திட்டீங்க.”

செல்வி கடைக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “எங்கூட்டுக்காரரு எட்டாவதுதானுங்க.”

அந்த ‘தானுங்க’ இருக்கிறதே... அதற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது!

குமரேசன் உடனே பர்ஸை எடுத்தான். சதாசிவம் தடுத்துவிட்டார். இருப்பதை வாங்கிக்கொண்டு, மீதியை முடிகிறபோது கொடுங்கள் என்று கருப்புக் காசை என் உள்ளங்கையில் வைத்தார். அதை நான் இதுவரை எத்தனை தடவை பீரோவைத் திறந்து பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பணம் பத்தாதபோது ராஜா செம்பைக் கலந்தார். எனக்கு அந்த வசதி இல்லை – பாக்கி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.