மெதுவா மாஸ்டர் ரேஸ் பள்ளி தேடிய கதை

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அவர் கார் ஓட்டிப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு ஸ்டியரிங் இல்லாத பக்கம்தான் சிம்மாசனம். அந்தப் பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் சுவரைக் கட்டிப்பிடிக்கக் கிளம்பினால் வாத்தியார் அதை மிதிப்பார். பதினெட்டு வருடமாக மிதிக்கிறார். செருப்பில் வலது கால் பெருவிரல் இருக்கும் இடம் மட்டும் தனியாகத் தேய்ந்துபோயிருக்கும்.

"மெதுவா... மெதுவா... அம்மா, மெதுவான்னுதான் சொன்னேன், நிறுத்துன்னு சொன்னேனா? பின்னாடி வர்றவன் என் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டுறான் பாருங்க."

இதுதான் அவர் காலையில் தொடங்கி சாயங்காலம் வரை பாடும் பாட்டு. அதனால் மெதுவா மாஸ்டர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. எதிரில் வருகிற ஆட்டோக்காரர்கள்கூடத் தலையை வெளியே நீட்டி "மெதுவா..." என்று அதே ராகத்தில் இழுத்துவிட்டுப் போவார்கள். மாஸ்டர் சிரித்துக்கொள்வார்.

அவருடைய தொழிலில் ஒரு பொய் உண்டு. அவர் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார், மருந்து என்பார். திருப்பத்தில் கார் தானாக வேகம் குறையும். கற்றுக்கொள்கிற பெண் சந்தேகமாகத் திரும்பிப் பார்ப்பாள். "மாஸ்டர், நீங்க பிரேக் போட்டீங்களா?" மாஸ்டர் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "நானா? நான் தொடவே இல்லையே. நீங்களேதான் அழகா திருப்பினீங்க." அந்தப் பெண்ணுக்கு முதுகு நிமிரும். மறுநாள் நிஜமாகவே அழகாகத் திருப்புவாள். எல்லா வாத்தியாரும் சொல்வது இது.

இப்படிப்பட்ட மனிதருக்குள் ஓர் ஆசை உட்கார்ந்திருந்தது. ரேஸ் ஓட்ட வேண்டும். கோப்பை வாங்க அல்ல. வருடக் கடைசியில் சாதாரண ஆட்கள் ஓட்டும் பந்தயம் ஒன்று நடக்கும். ஏதாவது ஒரு ரேஸ் பள்ளியில் தேறியவர்களை மட்டும்தான் அதில் விடுவார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக ஹெல்மெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும்.

கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். பிறகு வீடு, பிள்ளை, வேலை. இந்த வருடம் மனைவிதான் கிளறிவிட்டாள். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள், போனில் எதையும் விசாரித்துவிடுவாள். சுற்றுவட்டாரத்தில் மூன்று ரேஸ் பள்ளிகள். மூன்றிலும் ஒரே சட்டம்: புதிதாக வருகிறவர் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

"உங்களுக்கு ரெண்டு மாசத்துல நாற்பத்தஞ்சு முடியுது," என்றாள். "அடுத்த வாரம் உங்க ஸ்கூல் காரெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகுது, லீவு. இப்ப விட்டா விட்டதுதாங்க. இல்லைன்னா அறுபதுல என்கிட்ட உட்கார்ந்து புலம்பக் கூடாது, சொல்லிட்டேன்."

மாஸ்டர் ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டார், ஸ்பீக்கரில். பக்கத்தில் மனைவி. எதிரில் அவள் தம்பி, டயர் கடை வைத்திருப்பவன். மாமாவைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் பள்ளியில் ஒரு குரல் தேனில் குளித்துவிட்டு வந்தது. "வணக்கம் சார், வேகத்தின் வாசலுக்கு உங்களை வரவேற்கிறோம் சார், உங்க கனவு எங்க பொறுப்பு சார்."

"நல்லதும்மா. ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் வண்டி கிடைக்கும்?"

"அருமையான அனுபவம் கிடைக்கும் சார்."

"வண்டி?"

"முதல் நாள் பெரிய திரை முன்னாடி ஓட்டுவீங்க சார். அசல் மாதிரியே ஆடும் சார், குலுங்கும் சார்."

"அசல் எப்ப குலுங்கும்?"

"ரெண்டாவது நாள் மத்தியானம், வரிசைப்படி சார்."

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மாமா, குலுங்குறதுக்கு நம்ம வாஷிங் மெஷினே போதும்."

இரண்டாவது பள்ளியில் மணி வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் எஞ்சின் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல், ஜல்லி அரைக்கிற மாதிரி.

"சொல்லு."

"ரேஸ் ஓட்டக் கத்துக்கணுங்க."

"வா."

"பக்கத்துல யாராச்சும் உட்காருவாங்களா?"

"எதுக்கு, தாலாட்டுப் பாடவா? வண்டியில ஒரு சீட்டுதான். ஹெல்மெட்டுல ஸ்பீக்கர் இருக்கும். நான் கத்துவேன், நீ கேப்பே."

"எங்கயாச்சும் இடிச்சுட்டா?"

"சுத்தி டயர் அடுக்கி வச்சிருக்கேன். இடிச்சுக்கோ. எழுந்து மறுபடி ஓட்டு." போன் வைக்கப்பட்டது.

மூன்றாவது பள்ளியில் பேசியவள் அங்கே கோச். இளம் குரல், அவசரமே இல்லை. அவர் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்: என்ன கார் ஓட்டுவீங்க, கழுத்துவலி முதுகுவலி உண்டா, எதுக்கு ரேஸ்? எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில், "பயப்படாதீங்க சார். பக்கத்துல நான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு," என்றாள்.

மாஸ்டர் முகத்தில் விளக்கு எரிந்தது. போனை வைத்ததும் தொடையைத் தட்டினார். "இதுதான் ஸ்கூல்."

"மாமா, அந்தக் கத்துற ஆளுகிட்ட போங்க," என்றான் மச்சினன். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "உங்களுக்குப் பக்கத்துல ஆளே இருக்கக் கூடாது."

"வாத்தியாரப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா, மாப்ள? ரெண்டு பிரேக் இல்லாத வண்டியில ஆள ஏத்துறவன் வாத்தியாரா?"

மனைவியும் சொல்லிப் பார்த்தாள். "நீங்க படிக்கப் போறீங்களா, இல்ல அவங்க எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு பாத்து மார்க் போடப் போறீங்களா?"

மாஸ்டர் கேட்கவில்லை. ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மாணவனாக நின்று ஒரு கேள்விகூட அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மச்சினனின் காரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பள்ளியின் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். ஓடுதளம் கறுப்பு நாடா மாதிரி வளைந்து கிடந்தது. அவருடன் சேர்ந்தவர்கள் மூன்று பேர்: ஒரு வங்கி அதிகாரி, ஒரு வக்கீல், ஒரு பூக்கடைக்காரர். பூக்கடைக்காரருக்குக் கியர் மாற்றவே தடுமாற்றம். மாஸ்டர் மனசுக்குள் அவரைத் தேற்றினார், பாவம், நாம் முன்னால் போய்விடுவோமே என்று.

முதல் நாள் முழுக்க ஒரே சங்கதி. நேர் பாதையில் மாஸ்டர் நன்றாகப் போவார். வளைவு கண்ணில் பட்டதும் கார் தளர்ந்துவிடும். வளைவை அடையும்போது மாட்டுவண்டி வேகம். பூக்கடைக்காரர் கியரைக் கதறவிட்டுக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். வக்கீல் தாண்டினார். சாயங்காலம் வங்கி அதிகாரி தாண்டும்போது கையை வேறு ஆட்டினார்.

கோச் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். "சார், எங்க போறீங்க, பார்க்கிங்குக்கா? அந்த மஞ்சள் பலகை வரைக்கும் ஆக்சிலேட்டர்லயே இருங்க. பலகையத் தாண்டித்தான் பிரேக். சார், பலகை! பலகை எங்க, நீங்க எங்க?"

தனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று மாஸ்டர் நினைத்தார். பாம்பின் கால் பாம்பறியும். இந்தப் பெண் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல மிதிக்கிறாள். மிதித்துவிட்டு என்னையே திட்டுகிறாள்.

இரண்டாம் நாள் காலையில் மூன்றாவது வளைவில் கார் மறுபடி தளர்ந்தது. மாஸ்டர் ஓரமாக நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. நீங்க மிதிக்கிறீங்க."

"நானா? நான் தொடவே இல்ல சார்."

அதே சொல். அதே பச்சைக் குழந்தை முகம். மாஸ்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பதினெட்டு வருசமா நான் சொல்ற டயலாக் அம்மா இது. எனக்கேவா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. ஒன்றும் வாதாடாமல், இரண்டு காலையும் பிரேக் பக்கமே இல்லாமல் மேலே இழுத்து, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டாள். "இப்ப போங்க சார். என் காலைப் பாத்துக்கிட்டே போங்க."

மாஸ்டர் போனார். வளைவு வந்தது. அவள் கால்கள் இருக்கை மேல் இருந்தன. கார் தளர்ந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பிரேக் மேல் இருந்தது அவருடைய கால். எப்போது போய் உட்கார்ந்தது என்று அவருக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல், நாய் தன் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற மாதிரி போயிருந்தது.

அடுத்த வளைவில் பல்லைக் கடித்தார். தளர்ந்தது. அதற்கடுத்ததில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார், "வேண்டாம், வேண்டாம்" என்று. தளர்ந்தது.

"தொட்டில் பழக்கம் சார்," என்றாள் கோச். "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. இடம் மாறி உட்காருங்க. நான் ஓட்டுறேன். எங்க மிதிக்கிறேன்னு உடம்புல வாங்கிக்கங்க. ஆனா இந்தப் பக்கப் பிரேக்கைக் கழட்ட முடியாது, காலைப் பின்னாடி வச்சுக்கங்க. சத்தியம்?"

"சத்தியம்மா."

அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டினார். அந்த இடத்துக்கு வந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

அவள் ஓட்டினாள். மாஸ்டர் இரண்டு கையாலும் தன் வலது தொடையைப் பிடித்து அமுக்கிக்கொண்டார். முதல் வளைவு. மஞ்சள் பலகை ஒரு கோடாகப் பின்னால் பறந்தது. கார் ஒருக்களித்து, தரையைக் கவ்விக்கொண்டு, வழுவழுவென்று வெளியே வந்தது. இரண்டாவது வளைவு. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா என்ன என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு காலமாக நினைத்துப் பார்த்தது இதுதான், இதைவிடவும் நன்றாக இருந்தது. கையைத் தளர்த்தினார்.

மூன்றாவது வளைவில் அவர் கால் மிதித்தது.

கார் பின்பக்கம் முன்னால் வர ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. வானம், டயர் அடுக்கு, வானம். சரளைக்கல்லில் சறுக்கிக்கொண்டே போய் டயர்கள் மேல் மெத்தென்று சாய்ந்து நின்றது. இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தூசி அடங்க வெகுநேரம் ஆனது.

தூரத்திலிருந்து பள்ளி மேலாளர் ஓடி வந்தார். கோச் இறங்கி, "என் தப்பு சார், கொஞ்சம் வேகமா வந்துட்டேன்," என்று அவரிடம் சொல்வது மாஸ்டருக்குக் கேட்டது. பிறகு அவள் கதவைத் திறந்து அவர் பக்கம் குனிந்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். இதெல்லாம் சகஜம். நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க."

குரல் பஞ்சாக இருந்தது. மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். வாத்தியார் திட்டுகிற வரைக்கும் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கற்றுக்கொள்கிறவர் இனிமேல் ஓட்டப்போவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் இந்தப் பஞ்சுக் குரல் வரும். அவரே எத்தனையோ பேருக்கு அந்தக் குரலில் பேசியிருக்கிறார். அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, தனியா போயிட்டு வர்றேன்மா."

"இன்னிக்கு வேணாம் சார். நிழல்ல உட்கார்ந்து ஒரு டீ குடிங்க."

உச்சி வெயில் இன்னும் இறங்கவில்லை. மற்ற மூவருடைய கார்களும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. மாஸ்டர் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, பூக்கடைக்காரர் மஞ்சள் பலகை வரைக்கும் போவதைப் பார்த்தார். பலகையைத் தாண்டித்தான் அவர் மிதித்தார்.

சாயங்காலம் மூவருக்கும் தேறிய காகிதம் கிடைத்தது. மாஸ்டரிடம் மேலாளர் கையைக் குலுக்கினார். அடுத்த வருசம் வாங்க என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, வயது ஞாபகம் வந்து, இருமினார்.

மனைவிதான் போன் செய்தாள். அவர் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். பிறகு போன் மச்சினன் கைக்குப் போனது.

"மாமா, அப்பவே சொன்னேன்ல. அந்தக் கத்துற ஆளுகிட்ட போயிருந்தா..."

"எங்க போயிருந்தாலும் இந்தக் காலைத்தானே மாப்ள கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"சரி, கிளம்பி வாங்க மாமா. இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க."

"வர்றேன்." மாஸ்டர் கார் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "பஸ்ல வர்றேன். உன் வண்டி இங்கயே நிக்கட்டும் மாப்ள. நாளைக்கு நீ வந்து எடுத்துக்கோ."