ஆடிப் பதினெட்டில் கறுப்புத் தாள்

காலை ஏழு ஐம்பது. திருத்தங்கல் அச்சகத்தின் மேசையில் கிடந்த தினசரி காலண்டர் மாதிரியைப் புரட்டினேன். முதலில் கண்ணில் பட்டது, வியாழக்கிழமைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. நடுவில் வெள்ளி இல்லை. கிழித்த தடமும் இல்லை. இன்னும் சில மாதங்கள் தள்ளிப் பார்த்தேன். அங்கே திங்களுக்கு அடுத்து புதன்.

காணாமல் போன தேதிகள் எவை என்று எனக்கு உடனே தெரிந்தது. அவற்றைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

சென்னையில் பழைய இசைத்தட்டுகளும் சினிமா போஸ்டர்களும் விற்கும் கடைக்காரர் ஒருவர் அடுத்த ஆண்டுக்கு ஒரு காலண்டர் கேட்டிருந்தார். அதில் தலைவர்கள் பிறந்த நாள் வேண்டாம். பேய்ப் படங்கள் வெளியான நாள், வந்தபோது ஓடாமல் பின்னால் ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட படங்கள் வெளியான நாள், பங்க் என்னும் முரட்டு ராக் இசைக் குழுக்கள் முதல் தட்டு போட்ட நாள், கடைசியாக மேடை ஏறிய நாள். இவை போதும். ஆர்டரைப் பிடித்தவர் அச்சகத்தை நடத்தும் பெண். அப்பா போன பிறகு பெரியப்பாவோடு கூட்டாக நடத்துகிறார். தேதிகளைச் சரிபார்க்க என்னை அழைத்தார். நான் விருதுநகரில் இருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

இது எனக்குத் தெரிந்த வேலை. பத்திரிகையில் இருந்தபோது ‘வரலாற்றில் இன்று’ பெட்டிச் செய்தியைப் பல வருடம் நான்தான் எழுதினேன். விருதுநகர் கொட்டகையில் பார்த்த ரத்தக் காட்டேரிப் படத்தின் ஆண்டு நிறைவை அதில் ஒரு தடவையாவது நுழைக்கப் பார்த்தேன். ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் வெட்டினார். ஒரு படத்துக்கு மூன்று பிறந்த நாள் உண்டு: சொந்த நாட்டில் வெளியான நாள், சென்னைக்கு வந்த நாள், வெட்டுப்பட்ட ரீல்களோடு நம் ஊருக்கு வந்து சேர்ந்த நாள். முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இரண்டு இடத்தில் ஒரே தேதி கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியே வேண்டாம். அப்படிப் பார்த்துச் சேர்த்த தேதிகளில் தவறு இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பேய்ப் படத் தாள்கள் முழுக் கறுப்பு. நடுவில் இரண்டு கோரைப் பற்கள் மட்டும் வெள்ளை. ஒரு மூலையில் பொடி எழுத்தில் தேதி. பெரியப்பாவுக்கு அது ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை.

“பேயை எவன்மா வீட்டுக்குள்ள தொங்கவிடுவான்?”

“நம்ம வெடிப் பெட்டி லேபிள்ல மண்டையோடு போடலையா, பெரியப்பா?”

“வெடிய வாசல்ல வச்சுக் கொளுத்துறோம். காலண்டர வீட்டுக்குள்ள மாட்டுறோம்.”

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடிப் பதினெட்டு அன்று மாதிரியைப் பார்த்துக் கடைக்காரர் ஒத்துக்கொண்டால் அந்த சீசன் முழுக்க மெஷின் தம்பி மகளுக்கு. இல்லையென்றால் மெஷினில் வெடி லேபிள் ஓடும், அந்தப் பெண் பெரியப்பா சொல்கிற ஆர்டரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சிவகாசி வட்டாரத்தில் ஆடிப் பதினெட்டில்தான் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளுக்குப் பூஜை போட்டு வெளியே எடுப்பார்கள். அந்த நாள்தான் இது. கடைக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அச்சான தாள்களைத் தேதி வரிசையில் சேர்க்கும் பெண்களில் மூத்தவரைக் கூப்பிட்டு, கறுப்புத் தாள்கள் எங்கே என்று அச்சகத்தை நடத்தும் பெண் கேட்டார்.

“அதுவா? மை கூடிப்போன தாளுல்ல. நேத்தே வேஸ்ட்ல போட்டாச்சு.”

மெஷினை ஓட்டத் தொடங்கும்போது மை படியும் வரை சில தாள்கள் கன்னங்கரேலென்று வரும். அவற்றைப் பொறுக்கி எறிவது சேர்க்கும் பெண்களின் வேலை. அதை அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஒரு தாளைக்கூட விடவில்லை.

“அதுல பல்லு இருந்துச்சே, பாக்கலையா?”

“வெள்ளையா ரெண்டு புள்ளி இருந்துச்சு. மை ஒட்டாத எடம்னு நெனச்சோம். பேயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா தொட்டே இருக்க மாட்டோமே.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அச்சகப் பெண் சிரிக்கவில்லை. வேஸ்ட் தாள் எடுப்பவருக்குப் போன் போட்டார். மூட்டை முந்தின சாயங்காலமே நாரணாபுரம் போய்விட்டது. வெடிக்குக் குழாய் சுருட்டுகிற வீடுகளுக்குப் பிரித்தும் கொடுத்தாகிவிட்டது. பசை தடவிச் சுருட்டிய தாளைத் திருப்பிக் கேட்டு என்ன செய்வது.

கறுப்புத் தாளுக்கான அச்சு பிளேட்டுகள் இருந்தன. திரும்ப ஓட்டினால் போதும். ஆனால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டாகிவிட்டது. பூஜை ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னால் சுவிட்சைத் தொடக் கூடாது. பூஜை முடிந்ததும் முதலில் ஓடுவது பிள்ளையார் படம். பிறகு மெஷினுக்கு மதியம் வரை ஓய்வு. அந்த அச்சகத்தின் வழக்கம் அது.

அச்சகப் பெண் பெரியப்பாவிடம் நேராகப் போனார். “இன்னைக்கு முத ஓட்டமா என் கறுப்புத் தாள ஓட்டணும்.”

“பூசை போட்ட மெஷின்ல முத ஓட்டம் பேயா? வெளையாடுறியா?”

“ஆர்டர் குடுத்தவுக பூசை நாள்ல வந்து நிக்கப் போறாக. அவுக தாள ஓட்டாம, வந்தவுகளுக்குக் காப்பியக் குடுத்து அனுப்பணுமா? தாத்தா அப்படியா ஏவாரம் பாத்தாக?”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க பேப்பர்ல இருந்தவுக. இந்தத் தாள்ல இருக்கிறதெல்லாம் என்ன? யாரு செத்த நாளும் உண்டா?”

“படங்கள் வெளியான நாள்.”

“அப்ப பொறந்த நாளு.”

“அப்படியும் சொல்லலாம்.”

“ஒண்ணுகூட சாவு இல்லையே?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கறுப்புக்கு இரண்டு பிளேட். முதல் பிளேட்டில் எல்லாமே படங்கள். இரண்டாவதில் பங்க் பாடகர் ஒருவர் இறந்த நாள் மட்டும் இருந்தது; அதையும் கறுப்பில்தான் போட்டிருந்தோம். கிட்டார் சரியாக வாசிக்கத் தெரியாமலே மேடை ஏறி, கேட்டவர்களைக் கத்த வைத்தவர். கடைக்காரர் கேட்டுக் கேட்டுச் சேர்த்த தேதி அது.

“ஒன்று இருக்கிறது. இரண்டாவது பிளேட்டில்,” என்றேன்.

பெரியப்பா மெஷினைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், சேர்க்கும் பெண்களைப் பார்த்தார்.

“பொறந்த நாளு முதல்ல ஓடட்டும். பிள்ளையாரு அடுத்து. அந்தச் சாவ மத்தியானத்துக்கு மேல வச்சுக்கோ.”

“மத்தியானம்னா அவுக பாக்கிறப்ப ஒரு நாளு கொறையுமே, பெரியப்பா.”

“கொறையட்டும். செத்தவன் எங்கயும் ஓடிப்போக மாட்டான். அவுககிட்ட சொல்லிட்டுக் குடு.”

பூஜை முடிந்தது. தேங்காய் உடைத்தார்கள். மெஷின்காரர் முதல் பிளேட்டை மாட்டினார். கறுப்பு வந்தது. சேர்க்கும் பெண்களில் மூத்தவர் ஈரம் காயாத தாளை வெளிச்சத்தில் பிடித்து, பல்லை எண்ணிப் பார்த்து, “ரெண்டு இருக்கு, சரியா இருக்கு” என்றார். வெட்டிய தாள்களைக் கட்டுக்குள் அதனதன் இடத்தில் அந்தப் பெண்களே செருகினார்கள். இடையில் பிள்ளையாரும் ஓடினார்.

கடைக்காரர் பதினொன்றே காலுக்கு வந்தார். தாள் சேர்ப்பவர்கள் செய்ததையும், ஒரு தேதி இன்னும் ஏறவில்லை என்பதையும் அச்சகப் பெண்ணே அவரிடம் சொன்னார். கடைக்காரர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். விரலில் கறுப்பு ஒட்டியது. மத்தியானம் வரை இருக்கிறேன் என்றார்.

அந்த சீசனில் அந்த மெஷினில் வெடி லேபிள் ஓடவில்லை.