மஸ்கட் கேசட்டின் இரண்டாம் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து மதியச் சாப்பாடு ஆனதும், செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டில் என் கணவர் பேச ஆரம்பிப்பார். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, என் அறையில் ஒன்று என்று, வாயால் சொன்னால் கேட்கிற ஸ்பீக்கரை மகன் மாட்டியிருக்கிறான். மூன்றிலும் ஒரே நேரத்தில் குரல் வரும். உயிரோடு இருந்தபோதுகூட அவரால் மூன்று அறையில் ஒரே சமயத்தில் இருக்க முடிந்ததில்லை.

எல்லாம் ஒரு கேசட்டிலிருந்து எடுத்தது. என் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்ததை மகன்தான் கண்டுபிடித்தான். பழைய சாமான் விற்கும் தெருக்கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, கேசட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அம்மா இத்தனை வருஷமா இதைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க" என்பான். அவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் என் அறை ஸ்பீக்கரைப் பார்த்து "நிறுத்து" என்றேன். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரையே மறுபடி பேசவிட்டது. பழைய டேப் ரெக்கார்டரில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் டக்கென்று வாயை மூடும். அந்தக் காலம் அந்தக் காலம் என்று எல்லாரும் உருகுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டன் மட்டும் போதும்.

அவர் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது நாங்கள் திருமுல்கேரியில் வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இரண்டும் சின்னது. கடிதத்துக்குப் பதில் கேசட்தான். லீவில் வருகிறவர் கையில் அவர் பேசிக் கொடுத்தனுப்புவார். நாங்கள் கேட்டு முடித்து, அதே கேசட்டில், அவர் பேசியதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவோம். நாங்கள் பேசியதன் மேல் அவர் பேசுவார். ஒரே கேசட்தான் போய்ப் போய் வந்தது. இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற எண்ணம்தான்.

நாங்கள் பேசும் நாளில் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடும். என் முறை வந்தால், எல்லாரும் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். மாமியாரை வைத்துக்கொண்டு புருஷனிடம் வேறு என்ன பேச வாய் வரும்?

ஒரே ஒரு முறை பேசினேன். தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டும் என்று தலைமை ஆசிரியை வீடு தேடி வந்து கேட்டார். கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெய்னிங் முடித்தவள் நான். சர்டிபிகேட் பெட்டிக்குள் கிடந்தது. மாமியார் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போன சாயங்காலம், கதவைத் தாழ் போட்டு, இரண்டாம் பக்கத்தில் எனக்கென்று பேசினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, அதே கேசட்டில், நான் கெஞ்சியதன் மேலேயே. "அதெல்லாம் நக்கோ" என்றார். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், வேண்டாம் என்பதற்கு அந்த வார்த்தைதான் வரும். "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றப்போ கதவைத் திறக்க நீ இருக்கணும். பூட்டின வீட்டுக்கு என் பிள்ளைங்க வரக்கூடாது."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்பவில்லை. டேப் சிக்கிவிட்டது என்று பொய் சொல்லிப் புடவைக்கு அடியில் எறிந்தேன். கொஞ்ச நாளில் வீட்டுக்கு போன் இணைப்பு வந்தது. கேசட்டும் அத்தோடு நின்றது.

மகனுக்குக் கண் கலங்குகிற இடம் அந்தப் பூட்டின வீடுதான். நக்கோ வரும்போது பேரப் பிள்ளைகள் கூடவே கத்திச் சிரிக்கும். எது நக்கோ என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு என்னால் முடியவில்லை. மகனிடம், "கம்ப்யூட்டர்ல இருக்கிறது வேண்டாம்டா, கேசட்டைப் போடு. கடைசி வரைக்கும் ஓடட்டும்" என்றேன். அவர் என்னைவிடக் குறைவாகத்தான் பேசியிருந்தார். அவர் முடித்த இடத்துக்குப் பிறகு என் பேச்சில் கொஞ்சம் அழியாமல் மிச்சமிருந்தது எனக்குத் தெரியும்.

"கடைசில ஏதோ பழசு ஒட்டிட்டு இருந்துச்சும்மா, வேஸ்ட்னு கட் பண்ணிட்டேன்" என்றபடியே போட்டான். அவர் குரல் நின்றது. கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு சின்னப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு:

"...மூணு மணிக்கே விட்டுடுவாங்க. பிள்ளைங்க வர மூணரை ஆகும். அதுக்குள்ள நான் வீட்ல இருப்பேன். ஒரு வருஷம் மட்டும் போய்ப் பாக்கட்டுமா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீயாம்மா? எங்க போறதுக்குக் கேட்ட?"

"டீச்சர் வேலைக்கு."

அவன் பட்டனை அமுக்கி டேப்பை நிறுத்தினான். பிறகு மெதுவாக, "அப்பா நக்கோன்னு சொன்னது இதைத்தானா?" என்றான்.

இதற்காகத்தானே கேசட்டைப் போடச் சொன்னேன்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாசம், அவ்வளவுதான் அவனுக்கு அப்பா கிடைத்தது. மீதியெல்லாம் இந்தப் பூட்டின வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது. எனக்கு அவன் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"சேச்சே, அது வேற ஏதோ. அப்பா சரின்னுதான் சொன்னார். எனக்குத்தான் அப்புறம் இஷ்டமில்லாமப் போச்சு" என்றேன்.

அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "உன் குரல் எவ்வளவு நல்லாருக்கும்மா! இதையும் சேத்துடறேன்" என்று அன்றைக்கே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான்.

சேர்த்தும்விட்டான். இப்போது ஞாயிறுதோறும் மூன்று அறையிலும் அவர் முதலில் நக்கோ என்கிறார். அதற்குப் பிறகு நான் கேட்கிறேன்.